இருநூற்று எழுபத்து நான்கு கிலோ வர்த்தமானி

சேந்தன்குளம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பழைய பேப்பர் எடைக்கடை வைத்திருக்கும் தனபாக்கியம், நூறு வருஷத்துக்கு முந்தின ‘தென்னாட்டு வர்த்தமானி’ என்னும் வாரப் பத்திரிகையின் ஒரே ஒரு இதழை, பதினாறே பக்கம், ஓரமெல்லாம் பூச்சி அரித்து, தொட்டால் உதிர்கிற பழுப்புக் காகிதம், அதை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் தராசில் வைத்தபோது, தராசு இருநூற்று எழுபத்து நான்கு கிலோ அறுபது கிராம் காட்டியது. எடுத்தாள், பூஜ்யம் காட்டியது. வைத்தாள், மறுபடி இருநூற்று எழுபத்து நான்கு கிலோ அறுபது கிராம். கடைக்குள் வருகிற எதுவும், அது அவளுடைய மதியச் சாப்பாட்டுத் தூக்குவாளியாகவே இருந்தாலும், ஒருமுறை தராசில் ஏறி இறங்காமல் உள்ளே போவதில்லை என்பது இருபத்தாறு வருஷப் பழக்கம். தராசைச் சந்தேகப்படுவது அவள் தொழிலுக்கு ஆகாது. அம்பாசமுத்திரத்தில் செத்துப்போன ஒரு வக்கீல் வீட்டுப் பரணிலிருந்து அதை எடுத்து, ஒயர்க்கூடையில் போட்டு, மடியில் வைத்துத்தான் பஸ்ஸில் கொண்டுவந்திருந்தாள். அப்போது அது ஒரு கட்டு முருங்கைக்கீரை கனம்கூட இல்லை. ஆக, கைக்கு ஒரு கனம், தராசுக்கு ஒரு கனம் என்று மனதில் குறித்துக்கொண்டு, அடுத்தாற்போல் வந்தவருடைய அட்டைப்பெட்டிகளை எடை போடப் போனாள்.

தனபாக்கியத்தை ஊரில் யாரும் தனபாக்கியம் என்று மட்டும் சொன்னது கிடையாது. பூட்டுடைச்சான் வீட்டுத் தனபாக்கியம் என்றால்தான் தபால்காரருக்கே தெரியும். அவள் பாட்டனைப் பெற்றவர் பலவேசம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷப் பஞ்சத்தில் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு ஊர்ப் பெரிய வீட்டின் நெல் கிடங்குப் பூட்டை உடைத்தார், காவல்காரர்கள் சுட்டதில் ஏழு பேரும் செத்தார்கள் என்பது ஊர் சொல்லும் கதை. மற்ற ஆறு பேர் யார் என்று கேட்டால் ஊருக்கு ஞாபகமில்லை. பலவேசம் மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது. சைக்கிள் சாவியைத் தொலைத்தவன் சிரித்துக்கொண்டே அவள் வீட்டு வாசலில் வந்து நிற்பான், “ஒங்க வீட்ல ஆள் இருந்தா அனுப்புங்களேன், பூட்டைத் தட்டணும்” என்பான். அவள் வாலிபத்தில் இரண்டு தடவை பெண் பார்க்க வந்தவர்கள் பஸ்ஸைவிட்டு இறங்கி வழி கேட்டு, வழி சொன்னவர்கள் சொன்ன வீட்டுப்பேரைக் கேட்டு, அதே பஸ் திரும்பும்போது ஏறிப் போய்விட்டார்கள். ஐம்பத்து மூன்று வயதில் அந்த வருத்தம் அவளுக்குப் போய்விட்டது. கோபம் போகவில்லை.

அந்தக் கோபத்தில்தான் அவள் பழைய பத்திரிகைகளைச் சேர்க்க ஆரம்பித்தாள். எடைக்கு வருகிற கட்டுகளை அவிழ்த்து, யுத்தச் செய்தியும் தாது புஷ்டி லேகிய விளம்பரமும் கலந்து கிடக்கிற அந்தக் காலத்து வாரப் பத்திரிகைகளைத் தனியாக எடுத்து, வேப்பிலைச் சருகு போட்டு, தகரப் பெட்டிகளில் அடுக்கினாள். பெட்டி பதினேழு ஆயிற்று. ஆனாலும் அவள் தேடிய, பலவேசம் செத்த சேதி கிடைக்கவில்லை, ஏன் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அந்தக் காலத்தில் வாசிக்கிற வீடுகளில் எல்லாம், வாரம் தவறாமல் தொடர்கதைப் பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துவைத்து, கதை முடிந்ததும் பைண்டு செய்கிறவரிடம் கொடுத்து, ஓரத்தைக் கத்தியால் சீவி, தைத்து, காலிகோ அட்டை போட்டு வைத்துக்கொள்வார்கள். மிச்சமிருக்கிற பக்கங்களில் மளிகைக்கடைக்காரர் புளி பொதிந்து கொடுப்பார். கதாநாயகியின் கண்ணீரைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிட்டு, பஞ்சத்தில் செத்தவர்களின் சேதியில் புளி மடித்த நாடு இது.

இந்த வருஷம் அவளுக்கு அவசரம் வந்துவிட்டது. அம்மன் கோயில் குடமுழுக்குக்கு ஊர்க்கமிட்டி ஒரு மலர் போடுகிறது; கமிட்டித் தலைவர் கிடங்கு வீட்டுத் திரவியலிங்கம், பலவேசம் பூட்டை உடைத்ததாகச் சொல்கிற அதே கிடங்கு. மலரில் ஊர் வரலாறு என்று ஒரு பகுதி, அதில் ‘பலவேசம் கும்பலின் கிடங்குக் கொள்ளை’ என்று ஒரு தலைப்பு. தனபாக்கியம் நேரே போய்க் கேட்டாள்.

“அண்ணாச்சி, வாயில சொல்லுதவரைக்கும் சொன்னீய, பொறுத்துக்கிட்டோம். புஸ்தகத்துல அடிச்சா எந்தக் காலத்துல அழியும்?”

“நானா சொல்லுதேன் தாயி? பத்திரிகையிலயே போட்டிருக்கான்னு எங்க தாத்தா சொல்லியிருக்காவ. அச்சுல வந்தது பொய்யாவா இருக்கும்?”

“எந்தப் பத்திரிகை? காட்டுங்க.”

“நீதான பெட்டி பெட்டியா வச்சிருக்க? நீயே தேடிக் காட்டு, பாப்போம்” என்று சிரித்தார் திரவியலிங்கம். தேடிக் காட்டத்தான் அவள் அம்பாசமுத்திரம் போனாள்.

இருநூற்று எழுபத்து நான்கு கிலோ சமாசாரம் அன்று மதியத்துக்குள் ஊர் பூராவும் பரவிவிட்டது. எதிர்க்கடை டீ மாஸ்டர் செல்லையா முதலில் வந்து பார்த்து, “எக்கா, மெஷின் வெயிலுக்கு எளகிருச்சு” என்றார். உரக்கடைக்காரர் தன் கடையின் தராசைத் தள்ளுவண்டியில் ஏற்றிவந்து வைத்துப் பார்த்தார், அதிலும் அதே கணக்கு, அந்த அறுபது கிராம் உட்பட. மூன்றாம் நாள் எடை முத்திரை ஆய்வாளர் ஜீப்பில் வந்தார். படிக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கி, வியர்த்து, ஒரு சர்பத் குடித்து, கடைசியில் ‘தராசு சரியாக உள்ளது, மேற்படி பத்திரிகை அளவுக்கு மீறியுள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தராசுக்குப் புது முத்திரையும் குத்திவிட்டுப் போனார்.

அரசாங்கமே சொல்லிவிட்டது என்றானதும் ஊருக்கு நிம்மதி, இனி சந்தோஷமாக ஆச்சரியப்படலாம். பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் காற்றில் இருக்கிற ஈரப்பதம் என்றார். உடற்பயிற்சிக்கூடத்து இளவட்டங்கள் தூக்கிப் பார்க்க வந்து, இரண்டு விரலில் தூக்க முடிந்ததில் அவமானப்பட்டுத் திரும்பினார்கள். வெள்ளிக்கிழமை யாரோ தராசுக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு சூடத்தட்டு வந்தது, அதற்கடுத்த வாரம் பக்கத்து ஊர்களிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆட்கள் வந்தார்கள், இளநீர்க்காரர் இடம் பிடித்தார், வெள்ளரிப்பிஞ்சுக்காரி அவருக்கு நிழலில் இடம் பிடித்தாள், நோஞ்சான் பிள்ளைகளைக் கொண்டுவந்து, வர்த்தமானியை ஒருமுறை மடியில் வைத்து எடுத்தால் பிள்ளை எடை கூடும் என்று வரிசையில் நின்றார்கள். தனபாக்கியம் கையால் ஒரு தரம், தராசில் ஒரு தரம் என்று வைத்து வைத்து எடுத்துக் காட்டினாள். ஆயிரம் பேர் வந்து எடை பார்த்தார்கள். இது என்ன பத்திரிகை, இதற்குள் என்ன எழுதியிருக்கிறது, கொஞ்சம் குடு வாசித்துப் பார்க்கிறேன் என்று கேட்க அத்தனை பேரில் ஒரு நாதியில்லை. அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. கண்ணை வைத்துக்கொண்டு எண்ணைப் பார்க்கிற ஜனங்கள்.

கேட்டது ஒருத்திதான், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெபக்கனி. “வாசிக்கலாமாக்கா?” என்றாள். தனபாக்கியம் ஐந்தாம் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள். லேகிய விளம்பரத்துக்கும் சிங்கப்பூர்க் கப்பல் நேரத்துக்கும் நடுவில் எட்டு வரி:

‘சேந்தன்குளம் கிராமத்துத் தானியக் கிடங்கில் சென்ற சுக்கிரவாரம் பலவேசம் என்னும் கேடியும் அவன் சகாக்களுமாக எழுவர் பிரவேசித்து, விலையுயர்ந்த சீமைப் பூட்டொன்றைத் தகர்த்துக் கொள்ளையிட எத்தனித்தபோது, காவலர் துப்பாக்கிப் பிரயோகம் செய்ததில் எழுவரும் மாண்டனர். கிராமம் அமைதியாயிருக்கிறது.’

ஜெபக்கனி இரண்டு தடவை வாசித்தாள். பூட்டுக்கு ஊர் பேர் போட்டிருக்கிறான், ஆறு ஆளுக்குப் பேர் போடவில்லை பார்த்தாயா என்று தனபாக்கியம் பல்லைக் கடித்தாள். ஜெபக்கனி தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எக்கா, நான் தெனம் ஆள் எடை பாக்கவ. இருநூத்தி எழுவத்தி நாலை ஏழாப் பங்கு வைங்க. ஆளுக்கு முப்பத்தொம்பது கிலோ வருது. இது சாமான் எடை இல்ல. பட்டினி கெடந்த ஏழு பேரு எடை.”

தனபாக்கியம் விரல்விட்டு வகுத்துப் பார்த்தாள், கணக்கு சரியாக வந்தது. அந்த அறுபது கிராம்தான் காகிதம்.

அன்று மத்தியானமே கடையைப் பாதி சாத்திவிட்டுப் பதினேழு பெட்டிகளையும் இறக்கினாள். வர்த்தமானியின் பக்க ஓரத்தில் கொடியும் இலையுமாக ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டை வேறெங்கோ பார்த்த ஞாபகம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒன்பதாவது பெட்டியில் அது இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் எடைக்கு வந்த, யாரோ ஒரு புண்ணியவதி கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த துப்பறியும் தொடர்கதை. தனபாக்கியம் அதை மூன்று தடவை வாசித்திருக்கிறாள், கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகும் வாசித்திருக்கிறாள். கதை ஓடும் பக்கத்துக்குப் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று மட்டும் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஊரைத் திட்டினாளே, அவளும் கதையைத்தான் வாசித்திருந்தாள். தன் தலையில் தானே நாலு போட்டுக்கொண்டாள்.

இருபத்து மூன்றாம் அத்தியாயத்தின் பின்பக்கத்தில், அடுத்த வாரத்து இதழில், ஆசிரியருக்கு ஒரு கடிதம். வலது பாதியைப் பைண்டு கத்தி சீவிக்கொண்டு போய்விட்டது, இடது பாதி நிற்கிறது. எழுதினவர் யார் என்று தெரியவில்லை. ‘தாங்கள் பிரசுரித்த சேந்தன்குளம் சேதி முழுப்’ என்று ஒரு வரி நின்றது. ‘பூட்டு உடைபடவில்லை. கூலி நெல் தருவதாகச் சொல்லி’ என்று ஒரு வரி. ‘சாவியிட்டுத் திறந்தவள் அவ்வீட்டு மருமகள் உலகம்மாள், அவளையும்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே வரிக்கு ஒருவராகப் பேர்கள், வரியின் ஆரம்பத்திலேயே இருந்ததால் கத்திக்குத் தப்பியவை: பலவேசம், கொம்பையா, மூக்காண்டி, சப்பாணி, பூலம்மாள், ஐயம்பெருமாள், உலகம்மாள்.

மறுநாள் ஞாயிறு, கூட்டம் அதிகம். தனபாக்கியம் வர்த்தமானியைத் தராசில் வைத்தாள், சூடத்தட்டை எடுத்துத் தெருவில் வைத்தாள், ஸ்டூலில் ஏறி நின்று முதலில் அந்த எட்டு வரியையும் பிறகு இந்தப் பாதிக் கடிதத்தையும் உரக்க வாசித்தாள். பேர்களை வாசித்தபோது கூட்டத்தில் சில தலைகள் குனிந்ததை அவள் பார்த்தாள். தராசு அசையவில்லை. வாசித்தால் இறங்கிவிடும் என்று எண்ணியிருந்த அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

“பலவேசம் எங்க பூட்டன்! எங்க வீட்டு ஆளு! கூலி நெல் வாங்கப் போனாரு, பூட்டை ஒடைக்கல!” என்று கத்தினாள்.

தராசு நாற்பத்தொரு கிலோ குறைந்தது. இருநூற்று முப்பத்து மூன்று.

தனபாக்கியம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, ஊருக்கு ஞாபகமில்லாத ஆறு பேரும் ஊருக்குள்ளேயே இருக்கிற வீட்டு ஆட்கள், தெரிந்தேதான் மறந்திருக்கிறார்கள், ஒரு வீட்டின் தலையில் ஏழு வீட்டுப் பேரையும் ஏற்றிவிட்டு, அந்த வீட்டைப் பார்த்துச் சிரிக்கிறவர்களோடு சேர்ந்து நூறு வருஷமாகச் சிரித்திருக்கிறார்கள்.

“நான் பழி கேக்க வரல. ஒங்க வீட்டு ஆளுகதான இதுல கெடக்காவ. எறக்கிட்டுப் போங்களேன், பாவிகளா!”

யாரும் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து போனார்கள். இளநீர்க்காரருக்கு அன்றைக்குப் பாதிக் காய் மிச்சம்.

அவள் பத்திரிகையைத் தராசிலிருந்து எடுக்கவில்லை. செவ்வாயன்று, பழைய பேப்பர் போட வந்த மாதிரி நாலு நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு டீ மாஸ்டர் செல்லையா வந்து நின்றார். வெயிலுக்கு மெஷின் இளகிவிட்டது என்று சொன்ன அதே செல்லையா. சைக்கிள் பூட்டைத் தட்ட ஆள் கேட்டவர்களில் அவரும் உண்டு. தராசைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு, “கொம்பையா எங்க தாத்தாவோட அப்பா. எங்கம்மைக்குத் தெரியும். யார்ட்டயும் சொல்லாதன்னு சொல்லித்தான் வளத்தா” என்றார். நாற்பத்து நான்கு கிலோ இறங்கியது. அவர் அழுதார். தனபாக்கியம் ஆறுதல் சொல்லவில்லை, அவளுக்கு வரவில்லை. நோட்டுகளை எடை போட்டுக் காசு கொடுத்து அனுப்பினாள். அப்புறம் மூக்காண்டி வீடு வந்தது, புருஷனும் பெண்டாட்டியுமாக, முக்காடு போட்டுக்கொண்டு. சப்பாணி வீட்டிலிருந்து மதுரையில் வேலை பார்க்கிறவன் லீவு போட்டு வந்தான். பூலம்மாள் வீட்டில் அவள் பேரையே வைத்த ஒரு பெண்பிள்ளை இருந்தாள், அவள் வந்து சத்தமாகவே சொன்னாள். ஐயம்பெருமாள் வீட்டார் கடைசியாக, உரக்கடைக்காரர்தான் அது, தன் தராசைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து சோதித்தவர், கும்பிட்டபடி வந்தார். பத்து நாளில் தராசு முப்பத்தாறு கிலோ அறுபது கிராமில் வந்து நின்றது.

அந்த முப்பத்தாறு கிலோவை இறக்க ஆள் வரவில்லை. உலகம்மாளின் படம் கிடங்கு வீட்டு முன்கூடத்தில் மாலை போட்டுத் தொங்குகிறது, கீழே ‘விஷக்காய்ச்சலில் இறைவனடி சேர்ந்தார்’ என்று எழுதியிருக்கிறது. தனபாக்கியம் படியேறிப் போனாள்.

“அண்ணாச்சி, ஒரு வார்த்தை. எங்க வீட்டு மருமவதான் தெறந்துவிட்டா, பூட்டு ஒடையலன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க. மலர்ல அந்தப் பக்கத்த எடுத்துருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“எங்க வீட்டுப் பொம்பளை கூலியாளுகளோட நின்னு குண்டடி பட்டுச் செத்தான்னு நானே ஊர்ல சொல்லணுமோ?” திரவியலிங்கத்தின் முகத்தில் சிரிப்பு இல்லை. “பாதிக் கடுதாசி ஆதாரம் ஆகாது தாயி. கடுதாசி எழுதினவனுக்குப் பேர் உண்டா? பத்திரிகைக்கு ஆசிரியன் உண்டு, அச்சாபீஸ் உண்டு. நான் ஆதாரத்தோடதான் போடுதேன்.”

ஐந்து வீட்டாரும் போய்ச் சொன்னார்கள். ஆகட்டும் ஆகட்டும், பார்க்கலாம் என்று காப்பி கொடுத்து அனுப்பினார். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு வந்ததற்கும் தனபாக்கியம் கத்தினாள். மலர் அதற்கு முன்பே சிவகாசிக்குப் போய்விட்டிருந்தது. பக்கம் பதினொன்றில், அவள் ஊர் கேட்க உரக்க வாசித்த அந்த எட்டு வரி, எழுத்து மாறாமல், இந்தத் தடவை வண்ணக் கட்டம் கட்டி, ஆயிரம் பிரதி.

குடமுழுக்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு, தனபாக்கியத்துக்குப் போன் வந்தது. திரவியலிங்கம்தான். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

“ஏம்மா, நாலுவழிச் சாலை எடைமேடையில இருக்கேன். மலர் ஏத்திட்டு வந்த வேனைப் பிடிச்சுவச்சிருக்கான். சரக்க எறக்கினாத்தான் விடுவானாம். நீ பழைய பேப்பர் எடுக்கவதான, வந்து எடுத்துக்க. வெலையெல்லாம் வேண்டாம்.”

அவள் கடையைப் பூட்டிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனாள். வேன் எடைமேடை மேல் சாதுவாக நின்றது. டயர் நசுங்கவில்லை, அச்சு முறியவில்லை. டிரைவர் மேலே நின்று ஒரு கட்டு மலரைத் தலைக்கு மேல் தூக்கி, பாருங்க சார், கனமே இல்லை என்று காட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடிக் கூண்டுக்கு மேலே சிவப்பு எழுத்தில், வேனையும் சேர்த்து, இருநூற்று எழுபத்தாறு டன் என்று எரிந்தது. பின்னால் லாரிகள் மைல் கணக்கில் ஹாரன் அடித்தன. அதிகாரி, முப்பது வயதிருக்கும், மூன்று தடவை வேனை முன்னால் எடுக்கச் சொல்லிப் பின்னால் எடுக்கச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தார். திரவியலிங்கம் வேட்டி நுனியைக் கையில் பிடித்தபடி வெயிலில் நின்றார்.

“நீங்கதான் எடைக்கடை அம்மாவா? எடுத்துக்கிட்டுப் போங்கம்மா, புண்ணியமா போகும்” என்றார் அதிகாரி.

தனபாக்கியம் ஒரு மலரை உருவி, பதினோராம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். வண்ணக் கட்டம் அழகாகத்தான் இருந்தது. மூடி, இருந்த இடத்தில் வைத்தாள்.

“நான் பேப்பர்தான் சார் எடுப்பேன். இது பேப்பர் இல்ல.”

“பின்ன என்னம்மா லோடு இது? வண்டிக்குள்ள என்னதான் இருக்கு?”

“ஆளுக சார். ஏழாயிரம் பேரு.” அவள் திரவியலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். “ஆறாயிரம் பேர எறக்கிக் கூட்டிட்டுப் போக ஊர்ல ஆள் இருக்கு, போன் போட்டா ஓடிவருவாவ. மிச்சம் ஆயிரம் பேரும் இந்த அண்ணாச்சி வீட்டு மருமவ. இவுகளையே வந்து கையப் பிடிச்சு எறக்கச் சொல்லுங்க.”